வாணம் தோண்டுமுன்: வீட்டுச் செலவு பற்றிக் கேள்வி–பதில்

திருநெல்வேலி மாவட்டம் மானூர் பக்கம் 5 சென்ட் கரிசல் மனை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்றடி வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, கருங்கல் கட்டி வீடு எழுப்பிவிட்டார். எங்கள் இன்ஜினியர் மட்டும் அது போதாது என்கிறார். மண்ணுக்குள் போகும் வேலைக்கே இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். இந்தச் செலவில் மட்டும் கை வைக்க வேண்டாம். சித்திரை மாதம் உங்கள் மனையில் நடந்து பாருங்கள், கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் அதே மண் ஊறி உப்பி, வெடிப்பு இருந்த இடமே தெரியாது. மேலாக வைத்த அஸ்திவாரத்தை அந்த மண் வருஷா வருஷம் தூக்கி இறக்கும். பக்கத்து வீடு கட்டி எத்தனை மழைக்காலம் ஆயிற்று என்று கேளுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறுகிறதா என்றும் பாருங்கள். அப்படியொரு விரிசலை மூன்று வருஷம் தொடர்ந்து பட்டி (சுவர் பூசும் பசை) வைத்து அடைத்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் அதே கோட்டில் திரும்பத் திறந்துகொண்டது. அந்த வீட்டம்மா அதன் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்.

முதலில் ஜேசிபி வைத்து மனையின் இரண்டு மூலையில் குழி எடுத்துப் பாருங்கள். நாலைந்து அடியில் கரிசல் முடிந்து சரள் (கெட்டியான சரளை மண்) தட்டினால் உங்களுக்கு நல்ல காலம். அதுவரை இறங்கி, சரளில் பில்லர் நிறுத்தலாம். கரிசல் இன்னும் ஆழமாக இருந்தால், அடியில் குமிழ் மாதிரி விரிந்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) போட்டு, மேலே பீம் கட்டி இணைப்பார்கள். அந்த பீமுக்குக் கீழே மண் உப்புவதற்குச் சிறிது இடைவெளி விட வேண்டும். அப்புறம், தோண்டிய கரிசலையே பேஸ்மென்டுக்குள், அதாவது வீட்டுத் தரையைத் தாங்கும் மேடைக்குள், கொட்டிவிடாதீர்கள். லாரி வாடகை மிச்சம் என்று பலர் செய்கிறார்கள், பின்னால் தரை டைல்ஸ் தூக்கிக்கொண்டு வரும். உள்ளே கிராவல் மண்தான் போட வேண்டும்.

பாளையங்கோட்டையில் 1,000 சதுர அடி வீடு. ஒரு காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,100 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 2,400. குறைத்துக் கேட்டவரிடமே கொடுத்துவிடலாமா?

3 லட்சம் வித்தியாசம். ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் விலை சொல்கிறார்களா? சம்ப் (தரைக்குள் கட்டும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு, மாடிப்படி மேல் ஹெட்ரூம், மட்டப்பா (மொட்டை மாடி) கைப்பிடிச் சுவர், மாடியில் பதிக்கும் தட்டோடு இதெல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா? போர்ட்டிகோவை முழு அளவாகச் சேர்க்கிறாரா, பாதியாகவா? பேஸ்மென்ட் எத்தனை அடி உயரம்? டைல்ஸ் எத்தனை ரூபாய் வரை? ஒரு ரூமுக்கு எத்தனை லைட் பாயிண்ட்? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரிடமும் பதிலை எழுதி வாங்குங்கள். 2,100 சொன்னவர்தான் கடைசியில் அதிகம் கேட்பார் என்பது அப்போது தெரிந்தாலும் தெரியலாம்.

பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), கூரை வார்ப்பு, பூச்சு என்று கட்டம் பிரித்து, முடிந்த கட்டத்துக்கு மட்டும். வங்கிக் கடனும் அப்படிக் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் அஸ்திவாரச் செலவுக்குச் சொந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

இதையும் சொல்ல வேண்டும். பட்ஜெட் மீறிய வீடுகளில் நான் அதிகம் பார்த்தது சிமெண்ட் விலையேற்றத்தை அல்ல, நடுவில் மனசு மாறியதைத்தான். என் வீட்டிலேயே சுவர் லிண்டல் மட்டம் வந்த பிறகு சமையலறை வாசலை மாற்றினோம். கட்டியதற்கு ஒரு கூலி, இடித்ததற்கு ஒரு கூலி, திரும்பக் கட்ட இன்னொரு கூலி என்று மூன்று தடவை கொடுத்தேன். பிளான் தாளில் இருக்கும்போதே வீட்டுப் பெண்களை மனையில் நிற்க வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, அடுப்பு எங்கே, பீரோ எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

கம்பியை எண்ணி வாங்குவதா, எடை போட்டு வாங்குவதா?

எடைதான். கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.67 கிலோ. 8 மில்லிமீட்டர் என்றால் 4.74. எடையில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்துக்குத் தரவிதியே இடம் தருகிறது: 10 மில்லிமீட்டர் வரை 7 சதவீதம், 12க்கும் 16க்கும் 5 சதவீதம். குறைவான பக்கம் இருக்கும் கம்பியை எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் நஷ்டம் உங்களுக்கு. லாரியை எடை மேடையில் ஏற்றிவிட்டுப் பணம் கொடுங்கள்.

இராதாபுரம் பக்கம் தண்ணீரை லாரியில்தான் வாங்குகிறோம். கான்கிரீட்டையும் சுவரையும் நாலு நாள் நனைத்தால் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா?

போதாது. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். உங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்று காலையில் நனைத்த சுவரை மத்தியானத்துக்குள் உலர்த்திவிடும். நாள் எண்ணிக்கையைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க வழி இருக்கிறது. வார்ப்பின் மேல் சிமெண்ட் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். பில்லரில் நனைந்த சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். சம்ப்பை முதலிலேயே கட்டிவிட்டால் லாரித் தண்ணீர் வீணாகாது. போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கான்கிரீட்டுக்கு வேண்டாம், கம்பி துருப்பிடிக்கும்.

எல்லாக் கதவுக்கும் தேக்குப் போட வேண்டும் என்கிறார் மாமனார்.

தலைவாசலுக்குத் தேக்கு போடுங்கள், மாமனார் மனசும் நிறையும். உள் கதவு நிலைகளுக்கு நன்றாகக் காய்ந்த வேம்பு போதும். பாத்ரூமுக்கு பிவிசி கதவு.

ஆடி கழிந்து ஆவணியில் ஆரம்பிக்கலாமா?

பேஸ்மென்ட் புரட்டாசிக்குள் முடியுமென்றால் ஆரம்பியுங்கள். முடியாதென்றால் தைக்குத் தள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாணத்தில் தண்ணீர் நின்றால் மோட்டார் வைத்து இறைக்கும் செலவு தனி. காத்திருக்கும் மாதங்களில் அனுமதி வேலையைப் பாருங்கள். மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையில் இணையம் வழியாகவே அனுமதி எடுக்கலாம். சிமெண்ட் மூட்டையை மட்டும் மழைக்கு முன்னால் வாங்கி அடுக்காதீர்கள்.