பழைய பம்ப் ஷாட்கன்: வயதும் மதிப்பும்

கேள்வி: பேரலில் (குழலில்) ‘வின்செஸ்டர்’ என்று பொறித்த 12 போர் (குழல் விட்ட அளவு) பம்ப் ஷாட்கன், அதாவது முன்கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. ஹாமர் (சுடுவதற்குத் தட்டும் சுத்தி) வெளியே தெரிகிறது. எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பதற்கு முன் பாலீஷ் போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறியான ஆக்‌ஷனைத் திறந்து, சுடும் தோட்டா அமரும் சேம்பரிலும், மற்றவற்றை வைக்கும் மேகசின் குழாயிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளி ஹாமர் என்றால் பெரும்பாலும் 1897 மாடல்தான். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். ஆகவே பழசு என்பதாலேயே அரிது என்று ஆகிவிடாது. ரிசீவரின் (பொறிகள் அடங்கிய உலோக உடலின்) மேற்புறமும் திறந்திருந்தால் அது முந்தைய 1893 மாடல். கரும்பொடி என்ற பழைய வகை வெடிமருந்துத் தோட்டாவுக்காகச் செய்தது. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும் தொடர் எண் ரிசீவரின் அடியில், முன்விளிம்பை ஒட்டி இருக்கும். பக்கத்தில் ‘ஈ’ போன்ற ஆங்கில எழுத்து ஒன்று இருந்தால் அது வடிவமைப்பைத் திருத்தியதற்கான குறி. பலர் அதை ஆண்டுக் குறியென்று எண்ணி ஏமாறுகிறார்கள். கழற்றி மாட்டும் வகை என்றால் பேரல் பக்கத்துத் துண்டிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால், இரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். சேகரிப்பாளர் விலை அங்கேயே சரிந்துவிடும்.

அடுத்து பேரலின் நீளம். ஆக்‌ஷனை மூடி, மரக்குச்சியை வாய் வழியே அடிவரை விட்டு அளக்க வேண்டும். ‘ஃபுல்’ சோக் (வாய்ப்பக்கம் நன்கு குறுகிய குழல்) என்று முத்திரை இருந்தும் வாய்ப்பக்கம் உள்விட்டம் குறுகவில்லை என்றால், யாரோ அறுத்திருக்கிறார்கள் அல்லது உள்ளே குடைந்திருக்கிறார்கள். தோளில் ஊன்றும் மரக்கட்டையின் பின்முனையை வெட்டி ரப்பர் பேட் பொருத்தியிருந்தாலும் மதிப்பு குறையும்.

இனி பாலீஷ். பொறித்த எழுத்தின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். கூர்மையாக இருந்தால் பூச்சு பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்து மழுங்கி, திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்து, உலோகம் மட்டும் பளபளவென்றிருந்தால் தேய்த்து மறுபூச்சு செய்தது. மங்கிப்போன அசல் பூச்சுக்குத்தான் சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார். எண்ணெய் தடவிய துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: ரெமிங்டன் 870 என்ற பம்ப் ஷாட்கனின் பேரலில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. தயாரிப்பு ஆண்டா?

பதில்: முதல் எழுத்து மாதம், அடுத்தது ஆண்டு. ‘பிளாக்பவுடர்’ (BLACKPOWDER) என்ற ஆங்கிலச் சொல்லின் 11 எழுத்துகளோடு கடைசியில் ‘எக்ஸ்’ சேர்த்து வரிசையாக ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டெழுத்துகள் சுற்றிச் சுற்றி வருவதால் ஒரே எழுத்து பல ஆண்டுகளைக் குறிக்கும். அதோடு, இது பேரலின் பிறந்த தேதி மட்டுமே. 870-இல் பேரலை மாற்றுவது சில நிமிட வேலை. தொடர் எண்ணையும் பார்க்காமல் ஆண்டைச் சொல்லாதீர்கள்.