மருந்துக் கொம்பு: முதன்முதலாகச் செய்வோருக்கான கேள்வி பதில்

பதினெட்டாம் நூற்றாண்டு வட அமெரிக்காவில், குழாயின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அந்த மருந்தை நிரப்பித் தோளில் தொங்கவிட்டுக்கொண்ட மாட்டுக் கொம்புக் குடுவையைக் கையால் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். வெடிமருந்து தயாரிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அவர்கள் திரும்பவும் கேட்க வேண்டாம்.

கேள்வி: இதற்குக் கொம்பைத் தேர்ந்தெடுத்தது ஏன்? மரமோ தகரமோ ஆகாதா?

அக்கால வெடிமருந்தான கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. ஈரம் பட்டால் அது கெட்டுவிடும். கொம்பு ஈரத்தை உள்ளே விடாது, எடை குறைவு, உரசினால் பொறி பறக்காது, நன்றாகச் சுரண்டி மெல்லியதாக்கினால் மருந்து எதுவரை இருக்கிறது என்பதை வெளிச்சத்தில் பிடித்தே பார்த்துவிடலாம். 1792ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிப்படைச் சட்டம், ரைஃபிள் கொண்டுவருபவர் மருந்துக் கொம்பும் இருபது குண்டுகளும் கால் பவுண்டு மருந்தும் உடன் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது.

கேள்வி: கையில் ஒரு பச்சைக் கொம்பு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உள்ளெலும்பை எடுங்கள். கொம்பு என்பது எலும்பின்மேல் உறைபோல் வளர்ந்த நகப்பொருள். சில வாரங்கள் வெளியே போட்டுவைத்தாலோ கொதிநீரில் வேகவைத்தாலோ எலும்பு கழன்றுவரும், நாற்றமும் கூடவே வரும்.

அடுத்து, வளையும் கம்பி ஒன்றை அடிப்பக்கமாக உள்ளே விட்டு, அது எங்கே முட்டி நிற்கிறது என்பதை வெளிப்புறத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நுனிவரை கெட்டிக் கொம்பு. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கொம்பைக் கெடுக்கிறார்கள்: நுனி வளைந்திருக்கும், டிரில் பிட் நேராகத்தான் போகும், ஆகவே பாதி வழியில் பக்கவாட்டில் ஓட்டை விழுந்துவிடும். நுனியிலிருந்து பொள்ளல் வரை நேர்கோட்டில் போக முடியும் என்று கண்ணால் உறுதிசெய்யும் இடம் வரை நுனியை அறுத்துத் தள்ளிவிட்டு, முதலில் மெல்லிய பிட்டாலும் பிறகு ஐந்தாறு மில்லிமீட்டர் பிட்டாலும் துளையிடுங்கள்.

அடிவாய் ஒருபோதும் வட்டமாக இருப்பதில்லை. அந்தப் பகுதியை மட்டும் கொதிநீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி, சூடு ஆறுவதற்குள் கூம்பாகக் கடைந்த மரக்கட்டை ஒன்றை உள்ளே இறுக்கித் தள்ளி, முழுதும் குளிரும்வரை அப்படியே விட்டுவிட்டால் வாய் வட்டத்திற்கு வந்துவிடும். அதன் பிறகுதான் அடிமூடி. பைன், செர்ரி, வால்நட் எதுவானாலும் நன்கு உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். கூடும் இடத்தில் உருக்கிய தேன்மெழுகைப் பூசி, மூடியைத் தட்டி இறக்கி, சுற்றிலும் சிறு துளைகளிட்டு மரமுளைகள் அடியுங்கள். முடிந்ததும் துளையிட்ட நுனியை, அதாவது கொம்பின் மூக்கை, உங்கள் வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உதட்டை அப்படியே இழுத்துப் பிடித்தால் கொம்பு தேறிவிட்டது, எங்கேனும் சீறல் கேட்டால் அந்த இடத்தில் மெழுகு போதவில்லை.

சுரண்டும்போது கொம்பை ஈரமாகவே வைத்திருங்கள், உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: கொதிநீருக்குப் பதிலாக மைக்ரோவேவில் சூடாக்கலாமா?

கூடாது. ஓரிடம் கருகும், மற்றோரிடம் விறைப்பாகவே இருக்கும்.

கேள்வி: சூடான எண்ணெயில் முக்கினால் விரைவில் இளகும் என்கிறார்களே?

இளகும். எண்ணெயின் சூடு தண்ணீரைவிட மிக அதிகம் என்பதால் சில நொடிகள் தவறினாலும் கொம்பு சுருங்கி நொறுங்கும் பதத்திற்குப் போய்விடும், கையும் வெந்துபோகும். முதல் கொம்புக்குத் தண்ணீர் போதும்.

கேள்வி: எருமைக் கொம்பு எளிதாகக் கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தொடக்கத்துக்கு உகந்ததன்று. எருமைக் கொம்பின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதை வட்டமாக்குவது பெரும்பாடு. நிறமும் கறுப்பு, செதுக்கிய கோட்டில் விளக்குக்கரி தேய்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிறிய பசுக்கொம்போ காளைக்கொம்போ தேடுங்கள்.

கேள்வி: கோட்டைகளும் ஆறுகளும் செதுக்கிய பழைய கொம்புகளைப் படத்தில் பார்த்தேன். முகாமில் சும்மா இருந்த வீரர்கள் பேனாக்கத்தியால் செதுக்கியவைதானே? முதல் கொம்பிலேயே நானும் முயலலாமா?

வீரர்கள் தாமே கீறியவை உண்டு. கோணல் எழுத்தும் பாதியில் நின்ற கப்பலுமாக அவை தனியே தெரியும். நீங்கள் பார்த்த வகை, அதாவது நியூயார்க் பகுதியின் ஹட்சன், மோஹாக் ஆறுகளும் ஆல்பனியும் சாம்பிளேன் ஏரிவரையிலான கோட்டைகளும் ஒழுங்காக அமைந்த வரைபடக் கொம்பு, பெரும்பாலும் கைதேர்ந்தவர் வேலை. ஒரே அமைப்பு பல கொம்புகளில் திரும்பத் திரும்ப வருவதே அதற்குச் சான்று. முதல் கொம்பில் வேண்டாம். காற்றுப் புகாத வெறுங்கொம்பு ஒன்றைச் செய்து முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மேலுள்ள பதிலை ஏற்க முடியவில்லை. ‘இன்னாருடைய கொம்பு’ என்று பெயரும் ஆண்டும் பொறித்திருக்கிறதே. அவரே செதுக்கியதாகத்தானே பொருள்?

உடைமையாளர் பெயர் வேறு, செதுக்கியவர் பெயர் வேறு. மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த கறுப்பின வீரர் ஜான் புஷ் 1750களின் நடுவில் ஜார்ஜ் ஏரிப் பகுதியில் படையில் இருந்தபோது உடனிருந்தோருக்குச் செதுக்கியவையாக அறியப்படும் கொம்புகளில் இருப்பவை அந்த மற்றவர்களின் பெயர்கள். அழகிய சுழிகளோடு எழுதும் கை அவருடையது. 1757இல் பிரிட்டிஷாரின் வில்லியம் ஹென்றி கோட்டை வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டுச் சிறையிருப்பிலேயே இறந்துபோனார். இன்னும் ஒன்று: ‘மருந்து நானும் என் உடன்பிறந்த குண்டும் வீரரைப்போல் யாவரையும் வெல்வோம்’ என்னும் பொருள்பட்ட ஈரடிப் பாட்டு எத்தனையோ கொம்புகளில் காணப்படுகிறது. அத்தனை பேரும் தனித்தனியே உட்கார்ந்து அதே பாட்டை யோசித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் முகாமில் எவரும் தாமாகச் செதுக்கவே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. வரைபடக் கொம்பு பற்றிய பதிலின் முதல் வரியைப் படியுங்கள்.

கேள்வி: பழைய வெறுங்கொம்பை வாங்கி அதில் 1758 என்று செதுக்கினால் இன்னும் இயல்பாக இருக்குமல்லவா?

இருக்கும், அதற்குப் பெயர் மோசடி. பழைய கொம்புகளைப் பூச்சி அரித்திருக்கும். காலத்தால் செதுக்கல் முந்தியதென்றால் பூச்சித்துளை கோட்டைத் தின்றிருக்கும். பின்னால் செதுக்கியதென்றால் கோடு துளையின் விளிம்பில் இறங்கி மறுவிளிம்பில் ஏறும், அல்லது துளையை ஒதுக்கி வளைந்து போகும். உருப்பெருக்கியில் பார்த்தால் சிறுபிள்ளைக்கும் தெரியும். உங்கள் கொம்பில் உங்கள் பெயரையும் செய்த ஆண்டையும் அடிமூடியருகே பொறியுங்கள்.

கேள்வி: நிறமேற்ற மஞ்சள் பூசலாமா?

பூசலாம்; வெயிலில் வெளுத்துவிடும். வால்நட் தோல் காய்ச்சிய சாறு நிற்கும்.

கேள்வி: கொம்பிலிருந்து நேராகக் குழாயில் மருந்து கொட்டிக்கொள்ளலாம்தானே?

கூடவே கூடாது. முந்தைய வெடியின் கனல் குழாய்க்குள் மிஞ்சியிருந்தால் விழும் மருந்து பற்றி, தீ மூக்குவழியே கொம்புக்குள் ஏறும். கால் பவுண்டு என்றால் ஏறத்தாழ 113 கிராம் மருந்து உங்கள் கையில் வெடிக்கும். முதலில் தனி அளவைக் குழலில் ஊற்றி, கொம்பின் தக்கையை அடைத்த பிறகே அளவையிலிருந்து துப்பாக்கியில் இடுங்கள். இந்தியாவில் இருப்போர் கவனிக்க: வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வெறுங்கொம்பைச் சுவரில் மாட்ட எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

கேள்வி: ஹேர் டிரையர் வைத்து அடிவாயை இளக்கலாமா?

கொதிநீர். மேலே எழுதியிருக்கிறேன்.