எம்.சி.5: புரட்சி எந்தப் பாட்டில்? – கடிதம்

அன்புள்ள சார்,

டெட்ராய்ட் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அறுபதுகளின் டெட்ராய்ட் ராக் குழுவான எம்.சி.5இன் 'தி பிக் பேங்' தொகுப்பைக் கேட்டேன். புரட்சிக் குழு என்கிறார்கள். வெள்ளைச் சிறுத்தைகள் கட்சி, எஃப்.பி.ஐ. கண்காணிப்பு என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் பாட்டுகளில் முக்கால்வாசி பெண், காதல், பள்ளிக்கூடம், ராத்திரி ஆட்டம். புரட்சி எங்கே இருக்கிறது? இன்னொரு சந்தேகம்: பாதியில் திடீரென்று சத்தம் மெலிந்துவிடுகிறது, வேறு குழுவோ என்று தோன்றுகிறது. இவ்வளவு குறை சொல்லியும் ஒரு வாரமாக வேறு எதையும் கேட்க முடியவில்லை. ஏன் என்று விளங்கவில்லை. அடுத்து எந்த ஆல்பம் கேட்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

வேறு எதையும் கேட்க முடியவில்லை என்கிறீர்களே, அந்தக் குழு செய்ய நினைத்ததே அதைத்தான்.

வரிகளில் அரசியல் தேடினால் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். அமெரிக்கக் கனவை ஏமாற்று வேலை என்று சொல்லும் 'தி அமெரிக்கன் ரூஸ்' இருக்கிறது. போர் மனிதர்களைப் புல் மாதிரி வெட்டித் தள்ளுவதைப் பாடும் 'தி ஹியூமன் பீயிங் லான்மோவர்' இருக்கிறது. முதல் ஆல்பமான 'கிக் அவுட் தி ஜாம்ஸ்'இல் 'மோட்டார் சிட்டி இஸ் பர்னிங்' உண்டு. 1967 ஜூலைக் கலவரத்தில் டெட்ராய்ட் எரிந்து 43 பேர் செத்ததைப் பற்றிக் கறுப்பினப் பாடகர் ஜான் லீ ஹூக்கர் பாடிய ப்ளூஸ் பாட்டு அது. ஊர் எரிவதைப் பார்த்துக் கலங்கி நிற்பவர் குரலில் ஹூக்கர் பாடுவார். எம்.சி.5 வரிகளை மாற்றி, கருஞ்சிறுத்தைகளை (கறுப்பர் உரிமைக்காகப் போராடிய கட்சி) உள்ளே கொண்டுவந்து, கலகத்தின் பக்கம் நின்று பாடுகிறது. அந்த மாற்றம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எரிந்தது பெரும்பாலும் கறுப்பர்கள் வாழ்ந்த தெருக்கள். அந்தத் துயரத்தை எடுத்து உற்சாகமாக ஆக்கும் உரிமை புறநகர் வெள்ளைப் பையன்களுக்கு இருந்ததா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் புரட்சி எங்கே? சத்தத்தில்.

இவர்கள் லிங்கன் பார்க் பையன்கள். கார் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைத்த டெட்ராய்ட் புறநகர் அது. நகரத்தில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து வாழ்ந்த காலம். வெள்ளைக் குடும்பங்கள் நகரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. இந்த ஐந்து பேரின் காது மட்டும் எதிர்த்திசையில் போனது. ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியிலிருந்து தொடங்கி ஜாஸ் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேன், சன் ரா என்று கறுப்பர்களின் இசையில் எது அதிகம் கட்டுமீறியதோ அதைத் தேடிப் போனார்கள். பாடகர் ராப் டைனரின் உண்மையான குடும்பப் பெயர் டெர்மினர். கோல்ட்ரேன் குழுவில் பியானோ வாசித்த மெக்காய் டைனரின் பெயரை அவராக எடுத்து வைத்துக்கொண்டார். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஸ்டார்ஷிப்' சன் ராவின் கவிதையிலிருந்து வந்தது. கராஜ் ராக் எனும் முரட்டு எளிய ராக்குக்குக் கிட்டாரில் மூன்று கார்டு (சுரக்கூட்டு) தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும். தாளம் அறுந்து, இரண்டு கிட்டாரும் எங்கோ போய், பாடகர் வெறும் மூச்சாகி விடுகிறார். ராக் கச்சேரிக்கு ஆடுவதற்காக வந்த கூட்டத்துக்கு முன்னால், 1968இல், இதைத் துணிந்து வாசித்திருக்கிறார்கள்.

'லுக்கிங் அட் யூ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளில் ஒன்றுமே இல்லை, ஒரு பெண்ணைப் பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். 1968இல் வந்த சிங்கிளை (தனிப்பாட்டுத் தட்டு) ஹெட்போனில் கேளுங்கள். வேய்ன் கிராமரின் கிட்டார் தன் முறைக்காகக் காத்திருப்பதே இல்லை. டைனர் பாடும்போதே மேலே ஏறி வந்து குறுக்கே கத்துகிறது. ஒலிப்பதிவு தாங்காமல் எல்லாமே கரகரக்கிறது. டிரம்ஸ் எது, பேஸ் எது என்று பிரிக்க முடியாது. ஐந்து பேரில் யாரும் யாருக்கும் பின்னணி இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் நிற்கிறார்கள். எந்த அறிக்கையிலும் எழுத முடியாத சமத்துவம் அது.

பிறகு அதே பாட்டை 'பேக் இன் தி யுஎஸ்ஏ' ஆல்பத்தில் கேளுங்கள். சுத்தமாக இருக்கும். அவரவர் இடத்தில் அவரவர், கிட்டாருக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும் கிட்டார். உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் பதில் இதுதான். 1970இல் வந்த அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜான் லாண்டோ. விமர்சகராக இருந்து வந்தவர், பின்னாளில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு வேலை செய்தவர். அவருக்கு ஒழுங்கு வேண்டியிருந்தது. பேஸை ஏறக்குறைய துடைத்தே விட்டார். அந்தப் பாட்டுகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். 'லான்மோவர்' அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. கடைசியில் 'சாப், சாப்' என்று வெட்டிக்கொண்டே போகும்போது அந்த மெலிந்த சத்தமே கத்தி மாதிரி பொருந்திவிடுகிறது.

கட்சி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளையர்கள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குக் கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஹியூயி நியூட்டன் சொன்ன பதிலை ஒட்டி, 1968 நவம்பரில் குழுவின் மேலாளர் ஜான் சின்க்ளேரும் நண்பர்களும் வெள்ளைச் சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். பண்பாட்டின் மீது முழுத் தாக்குதல் என்றார்கள். அந்தக் கோஷங்களில் பல இன்று நிற்காது. குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில். எல்லாருக்கும் விடுதலை என்று பேசிய அதே கம்யூனில் (எல்லாரும் சேர்ந்து வாழ்ந்த வீடு) சமைத்ததும் மேடை உடைகளைத் தைத்ததும் பெண்கள்தான். 'டீனேஜ் லஸ்ட்' பாட்டில் அந்தக் குருட்டுத்தனம் அப்படியே கேட்கிறது.

ஆனால் துணிச்சல் பொய்யில்லை. 1968 ஆகஸ்ட் 25, சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு எதிராகப் பூங்காவில் இசை விழா என்று அறிவித்தார்கள். பெரிய பெயர்கள் பல அடிபட்டன. போலீஸ் சூழ்ந்து நின்றபோது வந்து வாசித்த ராக் குழு இது ஒன்றுதான். அடுத்த ஆண்டே சின்க்ளேருக்கு மாறுவேடத்திலிருந்த போலீசிடம் இரண்டு கஞ்சா சுருட்டுகள் கொடுத்த குற்றத்துக்கு ஒன்பதரை முதல் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை. 1971 டிசம்பரில் ஆன் ஆர்பரில் அவருக்காக ஜான் லெனன் பாடினார், மூன்றாவது நாள் சின்க்ளேர் வெளியே வந்தார். அதற்குள் குழுவுக்கும் அவருக்கும் உறவு முறிந்திருந்தது.

முதல் ஆல்பத்தின் கெட்ட வார்த்தையால் டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் கடை அதை விற்க மறுத்தது, குழு அந்தக் கடையைத் திட்டிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது, ஆல்பத்தை வெளியிட்ட எலக்ட்ரா நிறுவனம் அவர்களை வெளியேற்றியது. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியம், 'கிக் அவுட் தி ஜாம்ஸ்' சிங்கிள் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 82ஆம் இடத்தைத் தாண்டவில்லை என்பது. ஊரே முணுமுணுத்த பாட்டு என்று இவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் இந்தத் தொகுப்பைப் பழைய நினைவுக்காகக் கேட்பவர்கள் மிகக் குறைவு. உங்களைப் போல இன்று முதல்முறை கேட்பவர்களுக்குத்தான் அது அதிகம் உதவுகிறது. தொடக்க கால சிங்கிளிலிருந்து கால வரிசையில் போவதால் ஒரு குழு வளர்ந்து, அடிபட்டு, மறுபடி எழுவதை ஒரே மூச்சில் கேட்டுவிடலாம்.

எழுந்தது 1971இல், 'ஹை டைம்' ஆல்பத்தில். அதற்குள் வாங்க ஆளில்லை. கிட்டார் வாசித்த ஃப்ரெட் ஸ்மித் எழுதிய 'சிஸ்டர் ஆன்' அதில்தான் இருக்கிறது. முழுவேக ராக், கடைசியில் தெருவில் போகும் பேண்டு வாத்தியமாகி முடியும். 'ஓவர் அண்ட் ஓவர்' பாட்டில் டைனர் குரலின் உச்சியில் நின்று கிழியக் கிழியப் பாடுகிறார். 1968இன் நம்பிக்கை அதில் இல்லை, எல்லாத் தரப்புப் பேச்சையும் கேட்டு அலுத்த ஆள் பாடுகிறார். என்னைக் கேட்டால் அவர்களுடைய மிக நேர்மையான அரசியல் பாட்டு அதுதான்.

ஆகவே அடுத்து 'ஹை டைம்' கேளுங்கள். எல்லாரும் 'கிக் அவுட் தி ஜாம்ஸ்' என்றுதான் சொல்வார்கள், அது அதற்கப்புறம் இருக்கட்டும். டெட்ராய்ட்டின் கிராண்டி பால்ரூமில் 1968 அக்டோபர் 30, 31 இரண்டு இரவுகளில் நேரடியாகப் பதிவானது. அதை மட்டும் ஹெட்போனில் கேட்காதீர்கள். ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.