ராஜினாமா கடிதத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 7 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மொத்தம் 40 பேர் இருக்கிறோம். எனக்கு மாதச் சம்பளம் 24,000 ரூபாய். இது முதல் குழந்தை, ஐந்தாம் மாதம் நடக்கிறது. சென்ற வாரம் மேலாளர் கூப்பிட்டு, "ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் நீ இருக்கமாட்டாய். நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு. குழந்தை பிறந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம். நாங்களாக அனுப்பினால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது" என்றார். "வாயும் வயிறுமாக இருக்கும்போது எதற்கு வம்பு, எழுதிக் கொடுத்துவிட்டு வா" என்று வீட்டிலும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரி, எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு ஆண்டுகள் நிறுவனத்தின் கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

உங்களை அனுப்பிவிட வேண்டும் என்றால் அவர்களே அனுப்பியிருக்கலாமே, ஏன் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள்? அவர்கள் அனுப்பினால் சட்டம் அவர்களிடம் காரணம் கேட்கும். கடை, அலுவலகம் போன்றவற்றுக்கான 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். நீங்களாகவே "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வி எதுவும் எழாது. பிறகு வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

உங்களுக்கு உரியது என்ன என்று பார்ப்போம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பிரசவ எதிர்பார்ப்புத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே ஒரு பெண்ணுக்குச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டு பேறுகால நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சம்பளம் 21,000 ரூபாய் என்ற இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) வரம்பைத் தாண்டிவிட்டதால், இந்தப் பணத்தை நிறுவனமே தரவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. மேலாளரின் அக்கறையான பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்தத் தொகைதான் என்று நான் நினைக்கிறேன்.

"அந்தப் பழைய சட்டமெல்லாம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம், இதே பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பைக் காரணம் காட்டி நீக்குவது சட்டவிரோதம். கர்ப்பமாக இருக்கும்போதே நீக்கினாலும், கடுமையான ஒழுங்கீனம் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் பேறுகாலப் பணத்தை மறுக்க முடியாது. நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே இந்த உரிமை என்பதும் தவறு. தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

"திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம்" என்பது வாய்வார்த்தை. அப்படியே சேர்த்தாலும் புதியவராகத்தான் சேர்ப்பார்கள், ஏழு ஆண்டுப் பணித்தொடர்ச்சி அறுந்துபோகும். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பற்றி மட்டும் பயப்பட வேண்டாம். ஐந்து ஆண்டு தாண்டிவிட்டதால், நீங்களாக வேலையைவிட்டுப் போனாலும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது உங்களுக்கு வந்தாக வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. மேலாளருடன் வாதம் வேண்டாம். வாயால் கேட்டதற்கு எழுத்தில் பதில் போடுங்கள். மனிதவளப் பிரிவுக்கும் அவருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும்: "இன்ன தேதியில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. தொடர்ந்து பணியாற்றுவேன். பேறுகால விடுப்புக்கான முறையான விண்ணப்பத்தை மருத்துவச் சான்றிதழுடன் தருகிறேன்." இவ்வளவுதான். குற்றச்சாட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஒரு நகல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் போகட்டும்.

அதோடு, பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் விவரம் எல்லாவற்றையும் வீட்டில் சேர்த்து வையுங்கள். வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக்கையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று யாரும் பிறகு சொல்ல முடியாதபடி, மாதாமாதம் நிறுவனம் கட்டிய பங்கு அதில் நிறுவனத்தின் பெயரோடு பதிவாகியிருக்கும். அனுபவச் சான்றிதழை வைத்து மிரட்டுவதற்கும் இந்தத் தாள்கள்தான் பதில்.

இதே நிலையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், இன்றே "திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். பொதுவாக, ராஜினாமா ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வரும்வரை அதைத் திரும்பப் பெறலாம்.

வீட்டாரின் பயம் எனக்குப் புரிகிறது. அவர்கள் உங்கள் உடம்பை நினைத்துச் சொல்கிறார்கள். ஆனால் வம்பை இழுத்தது நீங்கள் இல்லை என்பதையும், 26 வாரச் சம்பளம் போனால் மருத்துவச் செலவுக்கு யாரிடம் கை நீட்டுவது என்பதையும் உட்கார்ந்து பேசுங்கள். மின்னஞ்சலுக்குப் பிறகும் நெருக்கினால், மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமான வரம்பு பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தாலே வழி சொல்வார்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, பிரசவம் எதிர்பார்க்கும் தேதியைக் குறித்த சான்றிதழை மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தோடு அதையும் இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.