ப்ரீ ராஃபேலைட் ஓவியர்கள் கிரேக்கப் புராணத்தை எப்படி வரைந்தார்கள்?

இத்தாலிய ஓவியர் ராஃபேலுக்கு முந்தைய பாணியை விரும்பிய இந்த ஓவியர்களின் குழு 1848-இல் லண்டனில் தொடங்கியபோது அவர்கள் அதிகம் வரைந்தது பைபிள், ஷேக்ஸ்பியர், இடைக்காலக் கதைகளைத்தான். கிரேக்கக் கதைகள் பெரிய அளவில் வந்தது பிற்பாடுதான். வந்தபோதும், போர்களையும் வீரர்களையும்விட ஒரு பெண் தனியாகச் சிக்கி நிற்கும் கணமே அவர்களை அதிகம் இழுத்தது என்பது என் எண்ணம்.

குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோசெட்டியின் 'ப்ரோசர்பைன்' (1874) படத்தையே பாருங்கள். கிரேக்கர்கள் பெர்செஃபோனி என்று சொன்ன அதே பெண். பாதாள அரசன் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அங்கே மாதுளை தின்றுவிட்டதால், ஆண்டின் ஒரு பகுதியை அங்கேயே கழித்தாக வேண்டும். ரோசெட்டி கடத்தலை வரையவில்லை, தேரும் குதிரையும் கிடையாது. கடித்த மாதுளை ஒரு கையில். அந்தக் கையின் மணிக்கட்டை மற்றொரு கை பிடித்திருக்கிறது, இனி வாய்க்குப் போகாதே என்று தடுப்பதுபோல! பழத்தின் பிளவும் உதடும் ஒரே சிவப்பு. பின்சுவரில் மேலுலகத்திலிருந்து விழும் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான்.

மாடலாக இருந்தவர் ஜேன் மோரிஸ், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸின் மனைவி. ரோசெட்டி அவர்மேல் காதல் கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கதையை அவர் விடாமல் எட்டு கேன்வாஸ்களில் தொடங்கினார் என்று நினைக்கிறேன். லண்டன் டேட் கேலரியில் ஒன்று இருக்கிறது.

அப்புறம், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த வாட்டர்ஹவுஸின் 'ஹைலஸும் நீர்த்தேவதைகளும்' (1896) படத்தையும் பாருங்கள். அல்லிக்குளத்தில் ஏழு பெண்கள். அவர்கள் தண்ணீருக்குள் இழுக்க, சிக்கிக்கொள்பவன் இம்முறை ஹைலஸ் என்ற ஓர் இளைஞன்.