எட்டு வயசு பொண்ணுக்கு ஆடி வாக்கரா, கவி ஷர்மாவா?

நியூஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு எட்டு வயசு, வீட்ல ஏற்கனவே, கதைப் புத்தகத்தோட வர்ற அமெரிக்கன் கேர்ள் கம்பெனி பொம்மை ரெண்டு இருக்கு, ரெண்டுக்குமே தங்கக் கலர் முடி. பிறந்தநாளுக்கு அதே கம்பெனியோட கருப்பினப் பொம்மை ஆடி வாக்கர் தான் வேணும்னு அடம் பிடிக்கறா, வீட்டுக்காரர் நம்ம முகமா இருக்கட்டும், இந்திய வம்சாவளிப் பொம்மை கவி ஷர்மாவ வாங்குன்றார், மாமியார் கருப்பு பொம்மை எதுக்குன்றாங்க, எனக்கோ ஆடியோட அடிமைக் கதைய நினைச்சாலும் பயம், அந்த சுருள் முடிய நினைச்சாலும் பயம், என்ன செய்யன்னு.

ஆடியையே வாங்குங்க. பொண்ணு கேட்டான்றதுக்காக மட்டும் சொல்லல.

பொம்மையோட நிறத்த விட, கதையில அவ யாருன்னு தான் நான் முதல்ல பாப்பேன். 1967-ல பார்பி பொம்மை செய்யற மாட்டெல் கம்பெனி ஃபிரான்சி பொம்மைய கருப்பு நிறத்துல விட்டப்போ முகம் அதே வெள்ளைக்கார பொம்மையோட அச்சு தான், அடுத்த வருஷம் வந்த கிறிஸ்டி பார்பிக்கு தோழி, பார்பின்ற பேர்லயே ஒரு கருப்பினப் பொம்மை வர 1980 ஆயிடுச்சு, அதுவும் கிட்டி பிளாக் பெர்கின்ஸ்னு ஒரு கருப்பின டிசைனர் உள்ள இருந்ததால வந்தது. அமெரிக்கன் கேர்ள்லயும் இதே கதை உண்டு, 2007-ல வந்த சீன வம்சாவளி ஐவி, ஜூலின்ற பொம்மையோட தோழி, 2009-ல வந்த இந்திய வம்சாவளி சோனாலி, கிரிசான்ற பொம்மையோட தோழி. ஆனா ஆடி 1993-லயே வந்துட்டா, யாருக்கும் தோழியா இல்ல, அவ கதைக்கு அவ தான் நாயகி.

அக்கறையா செஞ்ச பொம்மைக்கு இன்னொரு உதாரணம், அமெரிக்கன் கேர்ள்லயே 2002-ல வந்த காயா. நெஸ் பெர்ஸ்ன்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள்கிட்டயே கேட்டுக் கேட்டு செஞ்சாங்க, அவங்க வழக்கத்துல பல்லக் காட்டறது மரியாதை இல்லன்றதால, மத்த பொம்மைங்களுக்கு தெரியற அந்த ரெண்டு முன்பல்லு இவளுக்கு கிடையாது, வாய் மூடியே இருக்கும்.

கதைய பத்தி உங்க பயம் நியாயம் தான். கதைப்படி 1864-ல, அடிமைங்களா இருந்த ஆடியும் அவ அம்மாவும் நார்த் கரோலினா தோட்டத்துல இருந்து தப்பிச்சு பிலடெல்பியா போறாங்க, அதுக்கு முன்னாடி புகையிலைச் செடியில அவ பொறுக்காம விட்டுப்போன புழுவ கங்காணி அவ வாயிலயே திணிக்கற இடம் ஒண்ணு வருது, பெரியவங்களுக்கே வயித்தப் பிசையும். முதல்ல நீங்க படிச்சுடுங்க, அந்தப் பக்கம் வர்றப்போ கூடவே உக்காருங்க. அமெரிக்காவுலயே வளர்ற பொண்ணு, இந்த வரலாற ஸ்கூல்ல எப்படியும் கேக்கத்தான் போறா, அம்மா பக்கத்துல இருக்கறப்போ கேக்கட்டுமே.

உங்க மாமியார்கிட்ட, உளவியல் ஆய்வாளர்களான கிளார்க் தம்பதியோட ஆய்வ பொறுமையா சொல்லிப் பாருங்க. 1940-கள்ல நிறம் மட்டும் மாறின பொம்மைங்கள கருப்பினக் குழந்தைங்க கிட்ட குடுத்து எது நல்ல பொம்மைன்னு கேட்டப்போ, நிறைய பேரு வெள்ளைப் பொம்மையத்தான் காட்டினாங்க, 1954-ல ஸ்கூல்ல நிறம் பிரிச்சு வெக்கறது தப்புன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புல அந்த ஆய்வையும் குறிப்பிட்டாங்க. நம்ம வீடுகள்லயும் குழந்தை பொறந்ததும் கலர் என்னன்னு தானே முதல்ல கேக்கறோம், அது உங்க பொண்ணு காதுலயும் விழுந்துட்டு தான் இருக்கும்.

கவிய வேணாம்னு சொல்லல. 2023-ல வந்தவ, அந்தந்த வருஷத்துக்குன்னு அமெரிக்கன் கேர்ள் அறிவிக்கற 'வருஷப் பொம்மை'யா வந்த முதல் தெற்காசியப் பொண்ணு, கதைப்படி அவ ஊரு உங்க பக்கத்துல இருக்கற மெட்டச்சன். தீபாவளிக்கு வாங்கிக் குடுங்க, ஆனா ஆடிக்கு பதிலா வேணாம்.

முடிக்கு வருவோம். காய்ஞ்ச முடியில சீப்பு போடவே கூடாது, தண்ணிய லேசா ஸ்ப்ரே பண்ணி, நுனியில இருந்து மேல மேல விரலாலயே சிக்கு எடுங்க. தேங்கா எண்ணெய் ஒரு சொட்டு கூட வேணாம், அது செயற்கை முடி, எண்ணெய் இழுக்காது, தூசி தான் ஒட்டும். டிரையர் சூடு பட்டா சுருள் போயிடும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா கை கால தூக்கி நிறுத்திப் பாருங்க, தொளதொளன்னு விழக்கூடாது, கண்ணு ரெண்டும் சேர்ந்து மூடித் திறக்குதான்னும் பாத்துக்கங்க.