பிக்கப் டிரக்கின் முன்பக்கத்தை லெவல் செய்ய எந்த ஷாக் போடலாம்? வெறும் ஸ்பேசர் போதாதா?

ஷாக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற குழாய், ஸ்பேசர் என்பது அதன் மேலே வைத்து உயரத்தைக் கூட்டுகிற துண்டு. வண்டி என்ன மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. "முன்பக்கம் 2 அங்குலம் இறங்கி நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை" என்று எழுதியிருப்பதை வைத்து, அமெரிக்காவில் ஒரு அரை டன் பிக்கப் (முழு அளவு டிரக்குகளில் இலகுவான வகை) வைத்திருக்கிறீர்கள், பின்னால் பெரிதாக எதுவும் ஏற்றுவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நார்த் கரோலினாவில் இருக்கிறேன். என்னுடையது ஃபோர்டு எஃப்-150, ஃபோர் வீல் டிரைவ்.

அந்த இறக்கம் பழுது அல்ல. கம்பெனியிலேயே அப்படித்தான் செய்து விடுகிறார்கள். பின்னால் சுமை ஏறினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும், அப்போது வண்டி நேராக நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த சரிவு அது. அதை முழுசாக எடுத்துவிட்டால், சுமை ஏறியதும் மூக்கு வானம் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

எனக்கு ஷாக் மாற்ற வேண்டிய நேரமும் வந்திருந்தது. பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கினால் மூக்கு அடங்காமல் ஆடிக்கொண்டே போகும். ஒரு டயர் கடையில் விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் "இரண்டரை அங்குல ஸ்பேசர், ஒரு மணி நேர வேலை, ஷாக்கெல்லாம் வேண்டாம்" என்றார். என்ன இழுக்கிறாய், எவ்வளவு ஏற்றுகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன்.

தரையிலிருந்து முன், பின் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடு) விளிம்பு வரை அளந்தால் சரிவு தெரியும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து விளிம்பு வரை அளந்து வையுங்கள். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறாது. எனக்குச் சரிவு 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. ஜோர்டன் ஏரிக்கு இழுத்துப் போகிற சின்ன மீன்பிடிப் படகை மாட்டிவிட்டு அளந்தால் அதில் பாதியைக் காணோம். அப்படியானால் நான் ஏற்ற வேண்டியது 1 அங்குலம்தான், இரண்டரை இல்லை.

ஸ்பேசர் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நன்றாக ஓட்டுங்கள். ஆனால் மேலே வைக்கிற 1 அங்குலத் துண்டு, சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலமாகத் தெரியும். ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு) சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கையில் சக்கரத்தைவிட உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஸ்ட்ரட் முழுசாகக் கீழே தள்ளப்படுவதால் சக்கரம் தொங்கும்போது, கையைச் சக்கரத்தோடு இணைக்கிற பால் ஜாயின்ட்டும் ஆக்சிலும் தங்களுக்கு வகுத்த கோணத்தைத் தாண்டும். அதோடு, தேய்ந்த ஷாக் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

நான் வாங்கியது பில்ஸ்டீன் 5100 என்ற ஷாக். அதன் உடம்பில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். ஒரு வளையத்தை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அந்த உயரத்தில் ஸ்பிரிங்கின் தட்டு உட்காரும். பழைய ஸ்பிரிங்கையே போட்டுக்கொள்ளலாம். தட்டை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்பார்கள். ஆகாது. வண்டியின் எடை அதேதான், ஸ்பிரிங் அமுங்குவதும் அதே அளவுதான், உயரம் மட்டும் மாறும். இதிலும் ஒரு குறை உண்டு. சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைகிறது. அதிகம் ஏற்றினால் வேகத்தடை தாண்டும்போது 'டொக்' என்று கேட்கும். நான் குறைந்த பள்ளத்தில் நிறுத்தியதற்கு அதுவும் காரணம்.

ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டும் வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். கழற்றிய பழைய ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெயும் புழுதியும் களிம்பாக ஒட்டியிருந்தது. தண்டை ஒரு கையால் அழுத்தினேன், உள்ளே போனது, திரும்பவே இல்லை. புதியதைத் தரையில் ஊன்றி உடம்பு பாரத்தைப் போட்டுத்தான் அமுக்க முடிந்தது, கையை எடுத்ததும் தானாக எழுந்து வந்தது. உள்ளே நைட்ரஜன் அழுத்தம்.

இந்நேரம் யாராவது கேட்டிருப்பார்கள், ஐடி வேலை பார்ப்பவனுக்கு எதற்கு டிரக் என்று. இங்கே எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும் இதே நக்கல்தான். "என்ன சார், கட்டட கான்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களா?" அதே ஆள் வீடு மாறுகிற சனிக்கிழமை காலையில் "தலைவா, ஃப்ரீயா?" என்று வாட்ஸப்பில் வருவார். கட்டில், மெத்தை, கொலுப்படி, பொங்கல் விழாக் கரும்பு, எல்லாம் என் வண்டியில்தான். பெட்ரோல் போடுகிறேன் என்று இதுவரை ஒருவர் வாய் திறந்ததில்லை. டெயில்கேட்டில் கீறல் விழுந்தால் மட்டும் "டிரக்தானே சார்" என்பார்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே விட்டதில் இவர்கள் பாரமும் சேர்த்திதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கீழ்க் கையின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்கினால்தான் புஷ் (மூட்டிலுள்ள ரப்பர் உறை) கிழியாது. பிறகு கண்டிப்பாக அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது), முன்பு இருந்த அளவும் பின்பு வந்த அளவும் அச்சிட்டுக் கேளுங்கள். முன்பக்கம் ஏறினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். ஹெட்லைட் வெளிச்சம் விழும் கோணத்தையும் இறக்கி வையுங்கள். இன்னொன்று, முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கும்படி வண்டியை மாற்றுவதை எங்கள் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். லெவல் செய்வது அதில் வராது, பயப்பட வேண்டாம்.

உங்களுடையது 2006 அல்லது அதற்கு முந்தைய சில்வராடோ 1500, ஃபோர் வீல் டிரைவ் என்றால் மேலே சொன்ன ஸ்பேசர், பள்ளம், வளையம் எதுவும் பொருந்தாது. அதில் முன்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) இருக்கும், போல்ட்டைத் திருகியே உயரம் ஏற்றலாம், ஷாக் தனி. அதனால் மாடலும் வருஷமும் முதலில் சொல்லுங்கள்.